கொம்பு வரும்

கொழும்புக் கம்பனி அனுப்பிய விலைமனு
நாலு இலட்சத்து எண்பதாயிரம்.
தவிசாளர் அதை எட்டாக மடித்து
மேசைக் காலுக்குக் கீழே வைத்தார்.
மேசை அன்றிலிருந்து ஆடவில்லை.

அட்டாளைச்சேனை வாசிகசாலைக்கு
ஒதுக்கியது இருபத்தையாயிரம்.
வவுச்சர் மூன்று பிரதியில்.

கல்முனையில் றிஸ்மினின் கடை.
முப்பத்திரண்டு அங்குலத் தொலைக்காட்சி,
இடது மூலையில் கீறல்,
எந்த வீட்டுப் பிள்ளையோ அடித்த பந்து.
"படத்துக்குப் பழுதில்ல ஜெஸீமா ராத்தா,
அந்த மூலையில மட்டும் எழுத்துப் போடாதீங்க."
தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய கணினி ஒன்று;
அது என் காசு,
எந்தக் கணக்கிலும் வராது.
சுவரில் தாங்கும் சட்டம்
கறள் பிடித்த சஞ்சிகை அடுக்கின் கால்கள்.
வெட்டி ஒட்டித் தந்த காத்தமுத்து
கூலிக்குப் பதிலாக
மகளுக்கு அங்கத்துவ அட்டை கேட்டார்.

முதல் தரம் ஓடவிட்டேன்:
வரிசையாக வெற்றுப் பெட்டிகள்.
எழுத்துரு இல்லையாம்.
இரண்டாம் தரம்
கொம்பு ஒரு பக்கம், அரவு ஒரு பக்கம்,
இடையில் எழுத்து இருக்கவேண்டிய இடத்தில்
புள்ளிகளால் ஒரு வட்டம்.
பேப்பர் பார்க்க வந்த இபுறாலெவ்வை
கண்ணாடியைக் கழற்றி, சாரன் நுனியில் துடைத்து,
மறுகா மாட்டி,
"புள்ள, இது எந்த ஊர்ப் பாஷை?" என்றார்.

மூன்று இரவு.
போனில் இருந்த டேட்டா முழுக்கத் தீர்ந்தது.
நாலாம் நாள் மக்ரிபுக்குப் பிறகு
கொம்பு மெல்ல நகர்ந்துவந்து
தன் எழுத்தோடு ஒட்டிக்கொண்டது.
கை தட்டினேன்.
கேட்க, சுவரில் ஒரு பல்லி.

திறக்கும் நேரம்.
போயா தினம் பூட்டு.
புதிய நூல்கள், ஏழு.
புத்தகம் திருப்பித் தராதோர் பட்டியல்;
தலைப்பில் தவிசாளரின் மருமகன்.
அன்று பின்னேரமே எடுக்கச் சொன்னார்கள்.
எடுத்தேன்.

பன்னிரண்டு வினாடி வெறுமையாய்க் கிடந்தது.
எதையாவது போடவேணும்.
லாச்சியில் சேர்ந்திருந்த துண்டுகளை எடுத்து
'கேட்டார்கள், எங்களிடம் இல்லை' என்று தட்டினேன்.

நுண்கணிதம், தமிழில், படிமுறையோடு.
கோழிக்கு வரும் வருத்தங்கள்.
வங்காள விரிகுடா மீன்கள், கலர்ப் படம்.
கட்டாரில் சம்பளம் தராவிட்டால் என்ன செய்வது.
பெயர் எழுதாத துண்டு ஒன்று, சாய்ந்த கையெழுத்து:
காதிக் கோட்டில் ஒரு பொம்புள எப்படிப் பேசுறது.

துண்டுப் பெட்டி இரண்டு கிழமையில் நிரம்பிற்று.
புதிய நூல் ஏழுதான்.
இல்லாதது அறுபத்துமூன்று,
இரண்டு பக்கமாய் ஓடியது.
"இல்லாதத ஏன் காட்டுற?"
தவிசாளர் நின்றபடியே கேட்டார்.
பதில் யோசிப்பதற்குள்
மீன் படத்தில் பார்வை நின்று,
"இதை எங்க வாங்கலாம்?" என்றார்.

ஒரு புதன்கிழமை
பழைய பேப்பரில் சுற்றிய பொதி
கவுண்டரில் கிடந்தது.
சட்டப் புத்தகம், தமிழ்தான்.
யாரோ ஒருவர் பக்க ஓரமெல்லாம்
பென்சிலால் எளிதாக்கி எழுதியிருந்தார்.
உள்ளே பெயர் இருந்த இடம்
பிளேட்டால் சுரண்டப்பட்டிருந்தது.
ஒரு வரியை
ஒரு பட்டியலில் அழித்து
மற்றதில் தட்டினேன்.
புதிய நூல்கள், எட்டு.

அடுத்த நாள் பத்தரைக்குக் கரண்ட் போனது.
கறுத்த கண்ணாடியில் நாங்கள் எல்லோரும்:
வாசிக்கும் மேசை, நிற்கும் மின்விசிறி,
கதவடியில் கறுப்பு அபாயாவில் ஒருத்தி,
கீறல் அவள் தோளருகே.
உள்ளே வருவதா என்று அவள் இன்னும் முடிவெடுக்கவில்லை.

கரண்ட் வந்தது.
எங்கள் கணினிக்கு எழும்ப நாற்பது வினாடி வேணும்.
ஒருவரும் அசையவில்லை.
முதலில் தெரிந்தது
புள்ளிகளால் ஒரு வட்டம்.

இபுறாலெவ்வை பேப்பரிலிருந்து தலை தூக்காமல்
கதவடியைப் பார்த்துச் சொன்னமாதிரிச் சொன்னார்:
"பொறுங்க புள்ள.
கொம்பு வரும்."